வெளியே வராத கணிப்பு: பிரிட்டன், மே 2015

## எதற்காக இந்தப் பதிவு

2015 மே 6, புதன்கிழமை இரவு. மறுநாள் காலை ஏழு மணிக்கு பிரிட்டனில் பொதுத்தேர்தல் வாக்குப்பதிவு. ஒரு கருத்துக்கணிப்பு நிறுவனத்தின் தலைவர் கையில், அன்று பிற்பகலும் மாலையும் சுமார் ஆயிரம் பேரிடம் தொலைபேசியில் கேட்டு எடுத்த முடிவு இருந்தது. கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 37 சதவீதம், லேபர் கட்சிக்கு 31. அதை அவர் வெளியிடவில்லை. வடக்கு அயர்லாந்து நீங்கலாக நாடு முழுக்க ஓட்டு எண்ணி முடித்தபோது கன்சர்வேட்டிவ் ஏறத்தாழ 38, லேபர் 31.

தேர்தலுக்கு முன் வெளியான கணிப்புகள் எல்லாமே தவறிய தேர்தல் அது. சரியாக வந்த ஒன்று வெளியே வரவில்லை.

கருத்துக்கணிப்பு என்றால் நம்மில் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். பிடித்த முடிவு வந்தால் பகிர்கிறோம். பிடிக்காத முடிவு வந்தால் "காசு வாங்கிக்கொண்டு போட்டது" என்று தள்ளிவிடுகிறோம். காசு வாங்காதவர்கள், விதிப்படி வேலை செய்தவர்கள், எப்படி எல்லோரும் ஒரே பக்கமாகத் தவறினார்கள் என்பதுதான் என்னை உறுத்தும் கேள்வி. பிரிட்டனில் அதை உட்கார்ந்து விசாரித்து, கிடைத்த பதிலை அச்சில் வைத்தார்கள். அதனால்தான் இந்த நிகழ்வை எடுத்துக்கொண்டேன். சம்பந்தப்பட்ட நிறுவனத்தின் பெயரும் அதன் தலைவரின் பெயரும் இங்கே தேவைப்படவில்லை.

## பின்னணி

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். கருத்துக்கணிப்பின் அடிப்படையும் அதேதான். நாலு கோடிக்கும் மேற்பட்ட வாக்காளர்களின் மனதை ஆயிரம் பேரைக் கேட்டுச் சொல்லலாம். ஆனால் பானையின் எந்த இடத்திலிருந்து எடுத்தாலும் அதே பதம்தான் இருக்கும் என்ற உறுதி வேண்டும். மேலாக இருப்பதை மட்டும் எடுத்துப் பார்த்தால், அடியில் வேகாமல் கிடப்பது தெரியாது.

பிரிட்டனுக்கு இது புதுப் பாடம் கிடையாது. 1992 தேர்தலுக்கு முந்தைய கடைசிக் கணிப்புகள் லேபர் சுமார் 1 சதவீதப் புள்ளி முன்னிலை என்றன. கன்சர்வேட்டிவ் ஏழரைப் புள்ளி வித்தியாசத்தில் வென்றது. கன்சர்வேட்டிவுக்கு ஓட்டுப் போடுவதை வெளியே சொல்லக் கூச்சப்படுகிறார்கள் என்ற விளக்கம் அப்போதுதான் பிரபலமானது. அதற்குப் பிறகு முறைகள் மாறின. நேரில் கேட்பதிலிருந்து தொலைபேசிக்குப் போனார்கள், அப்புறம் இணையத்துக்கு. போன தேர்தலில் யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்டு, அந்த விகிதம் உண்மையான பழைய முடிவோடு ஒத்துவருமாறு பதில்களுக்கு எடை கொடுத்துச் சரிசெய்தார்கள்.

எடை கொடுப்பது என்றால் இதுதான். சாம்பிளில், அதாவது கேள்வி கேட்க எடுத்தவர்களில், இளைஞர்கள் குறைவாகச் சிக்கினால், சிக்கிய ஒவ்வொரு இளைஞரையும் ஒன்றரைப் பேராக எண்ணுவது. வயது, பாலினம், பகுதி, பழைய ஓட்டு என்று எல்லாவற்றுக்கும் இப்படிச் செய்தால் சாம்பிள் தாளில் பார்க்க நாட்டைப் போலவே இருக்கும். இதில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: பதில் சொன்ன இளைஞரும் பதில் சொல்லாத இளைஞரும் ஒரே மாதிரி ஆட்கள் என்பது. 2015இல் காலை வாரியது இதுதான்.

## பிரசாரக் காலத்தில் கண்டது

2010 தேர்தலுக்கும் 2015 தேர்தலுக்கும் நடுவில் பிரிட்டனில் 1,900க்கும் மேற்பட்ட கணிப்புகள் வெளியாயின. 1945இலிருந்து அதுவரை வந்த மொத்தக் கணிப்புகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அந்த ஐந்து வருடத்தில் வந்தவை. ஒரு நாளிதழுக்கு வாரத்தில் ஐந்து நாள் கணிப்பு வந்துகொண்டிருந்தது. இணையத்தில் ஏற்கெனவே பதிவுசெய்து வைத்திருக்கும் ஆட்களிடம் கேட்பது மலிவு என்பதால் இது சாத்தியமானது.

2015 வசந்தத்தில் எல்லாக் கணிப்புகளும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தன: இரண்டு பெரிய கட்சிகளும் சரிக்குச் சமம், யாருக்கும் பெரும்பான்மை வராது, தொங்கு நாடாளுமன்றம்தான். நாட்டின் பேச்சே அதைச் சுற்றி ஓடத் தொடங்கியது. மருத்துவச் சேவைக்குப் பணம் எங்கிருந்து வரும், வீட்டுவசதிக்கு என்ன வழி என்ற கேள்விகளைவிட, யார் யாரோடு கூட்டணி வைப்பார், ஸ்காட்லாந்து தேசியக் கட்சி என்ன விலை கேட்கும் என்பதே தொலைக்காட்சியில் பெரிய விவாதமாகியது. கன்சர்வேட்டிவ் கட்சி ஒரு சுவரொட்டி வெளியிட்டது. ஸ்காட்லாந்து தேசியக் கட்சியின் முன்னாள் தலைவர் அலெக்ஸ் சால்மண்டின் கோட்டுப் பைக்குள் லேபர் தலைவர் எட் மிலிபாண்ட் சின்னப் பொம்மை போல நின்றுகொண்டிருப்பார். ஏப்ரல் 30ஆம் தேதி லீட்ஸ் நகரில் பொதுமக்கள் முன்னிலையில் நடந்த தொலைக்காட்சி நிகழ்ச்சியில், அந்தக் கட்சியோடு உடன்பாடு வைத்துத்தான் ஆட்சி என்றால் ஆட்சியே வேண்டாம் என்று மிலிபாண்ட் சொல்லவேண்டி வந்தது.

அளக்கும் கருவியே அளக்கப்படும் பொருளை மாற்றத் தொடங்கியதை இங்கே பார்க்கிறோம். போட்டி சரிசமம் என்ற எண் இல்லாவிட்டால் அந்தச் சுவரொட்டிக்குப் பொருளே கிடையாது. இதனால் எத்தனை ஓட்டு இடம் மாறியது என்று யாராலும் எண்ணிச் சொல்ல முடியாது. பிரசாரம் எதைப் பற்றிப் பேசியது என்பதையே அந்த எண் தீர்மானித்தது என்று மட்டும் நான் உறுதியாகச் சொல்வேன்.

லேபர் கட்சிக்காக உள்ளுக்குள் கணிப்பு எடுத்தவருக்கு வேறு படம் தெரிந்திருந்தது. 2014 இலையுதிர் காலத்துக்குப் பிறகு கட்சி பின்தங்கியே இருந்தது என்று தேர்தல் முடிந்ததும் அவர் எழுதினார். நாட்டின் பிரச்சினைகளைப் பற்றி முதலில் யோசிக்க வைத்துவிட்டு, அப்புறம்தான் யாருக்கு ஓட்டு என்று கேட்பது அவருடைய முறை. வெளியான கணிப்புகளில் பெரும்பாலும் ஓட்டுக் கேள்விதான் முதலில் வரும். எடுத்த எடுப்பில் கேட்டால் வருவது வாய்க்கு முதலில் வரும் பதில். ஓட்டுப் பெட்டிக்கு முன்னால் நிற்கும்போது வரும் பதில் அதுவாகவே இருக்க வேண்டும் என்றில்லை.

## மே 6: எடுத்த முடிவும் அதன் காரணமும்

தொடக்கத்தில் சொன்ன நம் நிறுவனத்தின் தலைவரும் வழக்கமான கேள்வியை விட்டுவிட்டு வேறு விதமாகத்தான் கேட்டிருந்தார். வீட்டுத் தொலைபேசி, கைப்பேசி இரண்டுக்கும் அழைத்தார்கள். பேசுபவரின் தொகுதியில் நிற்கும் வேட்பாளர்களின் பெயர்களை, வாக்குச்சீட்டில் இருப்பதுபோலவே வாசித்துக் காட்டிவிட்டு, இவர்களில் யாருக்கு என்று கேட்டார்கள். கடைசி நேரத்தில் யாராவது மனம் மாறினால் அதுவும் பிடிபட வேண்டும் என்பதற்காக ஒரே நாளில், முடிந்தவரை வாக்குப்பதிவுக்கு நெருக்கமாக எடுத்தார்கள். திட்டத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

முடிவு வந்தபோது அது ஊரோடு ஒத்துவரவில்லை. அந்த இரண்டு நாளில் வெளியான கடைசிக் கணிப்புகளில் கன்சர்வேட்டிவுக்கு அதிகபட்சம் 1 புள்ளி முன்னிலை. மறுகோடியில் லேபருக்கு 2 புள்ளி. பாதிக்கு மேல் சரிசமம் அல்லது ஒரு புள்ளி வித்தியாசம். அதே நிறுவனம் இணையத்தில் எடுத்து வெளியிட்ட கடைசிக் கணிப்பே 31க்கு 31. இப்போது கையில் 6 புள்ளி வித்தியாசம். இது வழிதவறி வந்த எண் என்று தோன்றியது, வெளியிடத் துணிச்சல் வரவில்லை, இதற்காக எப்போதும் வருந்துவேன் என்று தேர்தலுக்கு அடுத்த நாளே அவர் வெளிப்படையாக எழுதினார்.

அவரைக் கோழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பத்துப் பேர் ஒன்று சொல்ல, நம் கையிலிருக்கும் ஒன்று மட்டும் வேறு மாதிரி சொன்னால், நம்முடையதைச் சந்தேகிப்பது அறிவுள்ளவர் செய்யும் காரியம்தான். ஆனால் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் பேர் சாம்பிளில், இரண்டு கட்சிகளும் 34 சதவீதத்தில் இருக்கும்போது, அவற்றுக்கு இடையிலான வித்தியாசம் வெறும் தற்செயலாலேயே 5 புள்ளி வரை மேலேயோ கீழேயோ போகலாம். சிலருடைய சாம்பிள் அதைவிடப் பெரிது, சரி. அப்படிப் பார்த்தாலும், பத்து நிறுவனங்கள் தனித்தனியாக எடுத்த கணிப்புகள் மூன்று புள்ளி அகலத்துக்குள் அடங்கி நின்றதே விசித்திரம். எல்லோரும் ஒத்துப்போகிறார்கள் என்பதையே அவர் எச்சரிக்கையாக எடுத்திருக்கலாம். நடந்து முடிந்த பிறகு இதைச் சொல்வது சுலபம் என்பதும் எனக்குத் தெரியும்.

## மே 7, இரவு பத்து மணி

வாக்குப்பதிவு முடிந்த அந்த நொடியில் மூன்று தொலைக்காட்சிகள் சேர்ந்து எடுத்த வாக்குச்சாவடி வாசல் கணிப்பு வெளியானது. கன்சர்வேட்டிவ் 316 இடம், லேபர் 239, ஸ்காட்லாந்து தேசியக் கட்சி 58, லிபரல் டெமாக்ரட் 10. (நம் ஊரில் கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடிந்து அரை மணி நேரம் வரை வாசல் கணிப்புக்குத் தடை இருப்பதுபோல, அங்கேயும் பத்து மணிக்கு முன் அதை வெளியிடக் கூடாது.) லிபரல் டெமாக்ரட் கட்சியின் மூத்த தலைவர் ஒருவர் நேரலையிலேயே, இது உண்மையானால் என் தொப்பியைத் தின்று காட்டுகிறேன் என்றார். விடிந்தபோது அவருடைய கட்சிக்கு மிஞ்சியது 8 இடம். கன்சர்வேட்டிவ் 331 இடங்களோடு தனிப்பெரும்பான்மை பெற்றது. லேபர் 232. மறுநாளே மிலிபாண்ட் உட்பட மூன்று கட்சித் தலைவர்கள் பதவி விலகினார்கள்.

வாசல் கணிப்பு மட்டும் எப்படிக் கிட்டத்தட்டச் சரியாக வந்தது? அதன் முறையே வேறு. பெரும்பாலும் போன தேர்தலில் நின்ற அதே வாக்குச்சாவடிகளின் வாசலில் களப்பணியாளர்கள் நிற்பார்கள். ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வருபவர்களில் இத்தனை பேருக்கு ஒருவர் என்று ஒழுங்காக நிறுத்தி, வாக்குச்சீட்டு மாதிரியே ஒரு தாளைக் கொடுப்பார்கள். அவர் உள்ளே செய்ததை மறுபடி செய்து மடித்து, அங்கிருக்கும் பெட்டியில் போட்டுவிட்டுப் போகலாம். வாய் திறந்து யாரிடமும் சொல்ல வேண்டாம். ஓட்டுப் போடாதவர் சாம்பிளுக்குள் வர வழியே இல்லை. பிறகு அதே சாவடியில் போன முறைக்கும் இந்த முறைக்கும் என்ன மாறியது என்பதை மட்டும் கணக்கிடுவார்கள்.

## விசாரணை

மே 8ஆம் தேதியே, கருத்துக்கணிப்பு நிறுவனங்களின் கூட்டமைப்பு சுதந்திரமான விசாரணை அறிவித்தது. சவுதாம்ப்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் பேட்ரிக் ஸ்டர்ஜிஸ் தலைமை. நிறுவனங்கள் தங்கள் மூலத் தரவுகளைக் கொடுத்தன. இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தோற்ற மறுநாளே கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைக்கும் தொழில்கள் அதிகம் இல்லை.

2016 மார்ச் 31ஆம் தேதி இறுதி அறிக்கை வந்தது. சந்தேகத்துக்குரிய காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்திருந்தார்கள். தபால் ஓட்டு, வெளிநாட்டில் வசிக்கும் வாக்காளர், கேள்வியின் அமைப்பு ஆகியவற்றால் இவ்வளவு பெரிய பிழை வர வழியில்லை. கடைசி நேர மனமாற்றம் இருந்தாலும் சொற்பமே. கூச்சத்தால் பொய் சொன்னார்கள் என்ற 1992இன் பழைய விளக்கமும் நிற்கவில்லை. மந்தைபோல ஒரே எண்ணை நோக்கி எல்லோரும் நகர்ந்தார்களா என்பதற்கு, கணிப்புகளின் நெருக்கம் இயல்புக்கு மாறானது என்றும், யாரும் ஏமாற்றியதாகச் சொல்ல ஆதாரம் இல்லை என்றும் எழுதினார்கள். கடைசியில் எஞ்சியது ஒன்று: சாம்பிளே சரியில்லை. லேபர் ஆட்கள் கூடுதலாகவும் கன்சர்வேட்டிவ் ஆட்கள் குறைவாகவும் இருந்தார்கள். எடை கொடுத்தும் அது நேராகவில்லை.

## மூன்றாவது முறை தட்டியபோது

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் விஷயமே. தேர்தலுக்குப் பிறகு இரண்டு பெரிய ஆய்வுகள் நேரில் சென்று நடத்தப்பட்டன. அவற்றில் முகவரிகள் தபால் துறைப் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் தேர்வாகும். களப்பணியாளர் கையில் கொடுத்த கதவு எண் எதுவோ அதையே தட்ட வேண்டும். ஆள் இல்லையென்றால் பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டு வந்துவிட முடியாது. இன்னொரு நாள், இன்னொரு நேரத்தில் அதே கதவு. அப்போதும் இல்லையென்றால் மறுபடி. இப்படிப் பல மாதம் பிடித்தது. இரண்டு ஆய்வுகளிலும் கன்சர்வேட்டிவ் தெளிவாக முன்னிலையில் இருந்தது, நிஜத் தேர்தலைப் போலவே.

அதில் ஒன்றை மட்டும் எத்தனையாவது முறையில் ஆள் கிடைத்தார் என்று பிரித்துப் பார்த்தார்கள். முதல் முறை தட்டியதுமே கதவைத் திறந்து பேசியவர்களிடம் லேபர் 6 புள்ளி முன்னிலை. மூன்று முதல் ஆறு முறை வரை போக வேண்டியிருந்தவர்களிடம் கன்சர்வேட்டிவ் 11 புள்ளி முன்னிலை.

இந்த இரண்டு எண்களையும் முதன்முதலில் படித்தபோது கொஞ்ச நேரம் மேலே படிக்காமல் உட்கார்ந்துவிட்டேன். ஒரே நாடு, ஒரே தேர்தல், ஒரே கேள்வித்தாள். வேறுபாடு எத்தனை முறை நடந்தோம் என்பதில்தான். இரண்டு நாளில் முடியும் தொலைபேசிக் கணிப்போ, ஆர்வத்தோடு பதிவுசெய்தவர்களிடம் கேட்கும் இணையக் கணிப்போ முதல் தட்டலில் திறக்கும் கதவுகளை மட்டுமே பார்க்கின்றன. பானையின் மேலாக இருந்த சோறு.

வயதுவாரியாகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். கணிப்புக்குப் பதில் சொல்லும் இருபது வயதுக்காரர் அரசியலில் ஈடுபாடு உள்ளவர், அவசியம் ஓட்டுப் போடுவார், பெரும்பாலும் லேபருக்கு. நிஜத்தில் அந்த வயதில் ஓட்டே போடாதவர்கள் ஏராளம். எடை கொடுத்தபோது இளைஞர்களின் எண்ணிக்கை சரியாகிவிட்டது, ஆனால் ஓட்டுப் போடாத இளைஞரின் நாற்காலியில் ஓட்டுப் போடும் இளைஞரை உட்காரவைத்துவிட்டார்கள். மறுபக்கம், 65க்கு மேல் என்ற கட்டம் நிரம்பியிருந்தாலும் அதில் 65ஐ ஒட்டியவர்களே அதிகம். எழுபதுகளைத் தாண்டியவர்கள், அதாவது கன்சர்வேட்டிவுக்கு மிக உறுதியாக ஓட்டுப் போடும் பாட்டிகளும் தாத்தாக்களும், போதிய அளவு இல்லை.

## அதன் பின் நடந்தது

அறிக்கை பல பரிந்துரைகளைச் சொன்னது. பிழைக்கான இடைவெளியை எண்ணோடு சேர்த்தே வெளியிட வேண்டும், பிரசாரத்தின் நடுவில் கணக்கிடும் முறையை மாற்றினால் அதைச் சொல்ல வேண்டும் என்பவை அவற்றில் சில. 2018 மே மாதத்திலிருந்து, ஒரு கட்சியின் உண்மையான ஆதரவு கணிப்பு சொல்வதிலிருந்து 4 புள்ளிக்குள் இருக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்பது என்ற பொருளில் ஒரு வரியைக் கூட்டமைப்பின் உறுப்பினர்கள் சேர்க்க வேண்டும் என்ற விதி வந்தது. அந்த 4 புள்ளி சூத்திரத்தில் இருந்து வந்ததில்லை. முந்தைய தேர்தல்களில் கணிப்புகள் நிஜமாக எவ்வளவு தவறின என்பதிலிருந்து எடுத்தது. அதனாலேயே அது நேர்மையான எண்.

அதற்கு முன்னாலேயே 2017 ஜூன் 8 தேர்தல் வந்துவிட்டது. பல நிறுவனங்கள் 2015இன் தவறைத் திருத்த, வயதையும் வர்க்கத்தையும் வைத்து யார் ஓட்டுப் போடுவார் என்று கணித்து இளைஞர்களின் எடையைக் குறைத்தன. பெரும்பாலான கடைசிக் கணிப்புகள் கன்சர்வேட்டிவுக்கு 5 முதல் 13 புள்ளி வரை முன்னிலை என்றன. உண்மையில் வந்தது இரண்டரைப் புள்ளி. கன்சர்வேட்டிவ் பிரதமர் தெரசா மே பெரும்பான்மையை இழந்தார். போன முறை ஒரு பக்கம் விழுந்தவர், இந்த முறை அதற்குப் பயந்து மறுபக்கம் விழுந்த கதை.

அந்தத் தேர்தலுக்கு முந்தைய நாள், நம் நிறுவனத்தின் கையில் மறுபடியும் ஊரோடு ஒத்துவராத எண் இருந்தது: கன்சர்வேட்டிவுக்கு வெறும் 1 புள்ளி முன்னிலை. இந்த முறை வெளியிட்டார்கள். கடைசிக் கணிப்புகளில் முடிவுக்கு மிக அருகில் நின்றவற்றில் ஒன்றாக அது இருந்தது.

இதனால் நோய் தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். 2024 ஜூலையில் லேபர் வெல்லும் என்று சரியாகச் சொன்ன கணிப்புகள், வித்தியாசத்தை 18 புள்ளியை ஒட்டிச் சொன்னன. வந்தது 10.

## இன்று செய்வதானால்

முதலில், வெளியிடும் முடிவைக் களத்துக்குப் போகும் முன்பே எடுத்துவிடுவேன். எண் கையில் வந்த பிறகு, மற்றவர்களுடையதைப் பார்த்துக்கொண்டு, இரவு ஒன்பது மணிக்கு எடுக்க வேண்டிய முடிவாக அதை விட்டுவைக்கக் கூடாது. எத்தனை பேர், என்ன கேள்வி, எப்படி எடை, எந்த நாளில் வெளியீடு என்பதை எழுதி ஒரு மூன்றாம் ஆளிடம் கொடுத்துவிட்டால், அந்தத் தலைவருக்கு அன்றிரவு அந்தச் சோதனையே வந்திருக்காது.

செய்தியாளராக இருந்தால், இரண்டு புள்ளி ஏறியது, ஒரு புள்ளி இறங்கியது என்று தலைப்புப் போடமாட்டேன். அந்த அளவு அசைவு வெறும் தற்செயலிலேயே வரும். எல்லாக் கணிப்பும் ஒன்றையே சொல்கிறது என்ற வாக்கியத்தையும் யோசித்துத்தான் எழுதுவேன். எல்லோரும் ஒரே வகைக் கதவைத் தட்டியிருந்தால் பத்துக் கணிப்பும் ஒரு கணிப்புக்குச் சமம்.

பல மாதம் நடந்து எடுக்கும் ஆய்வைத் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு எந்தப் பத்திரிகையாலும் நடத்த முடியாது, அதற்கான பணமும் இருக்காது. அது புரிகிறது. ஆனால் கணிப்பின் அடியில் ஒரு வரி சேர்க்கப் பணம் தேவையில்லை: எத்தனை பேரை அழைத்தோம், எத்தனை பேர் பேச மறுத்தார்கள், எத்தனை பேர் எடுக்கவே இல்லை, பேசியவர்களில் எத்தனை பேர் முதல் அழைப்பிலேயே பேசியவர்கள். லண்டனில் எடுத்த கணிப்போ மதுரையில் எடுத்த கணிப்போ, யாராவது ஓர் எண்ணை நீட்டினால் நான் முதலில் தேடுவது இனி அந்த வரியைத்தான்.